மடிக்கணினிக்கு முன்கூட்டியே பிறந்த ஆவணி

நேற்று பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து உங்கள் மடிக்கணினியை எடுத்தேன், அத்தை. நீங்கள் சுற்றி வைத்திருந்த பழைய நூல் சேலையைப் பிரித்ததும் காய்ந்த வேப்பிலை வாசனை குப்பென்று வந்தது. ராகி மூட்டைக்குள் போடுவது போல இதற்குள்ளும் ஒரு கைப்பிடி போட்டு வைத்திருக்கிறீர்கள். கணினிக்கு எதற்கு வேப்பிலை என்று நான் ஒருமுறை கேட்டபோது, “எறும்புக்கு இது கம்ப்யூட்டருன்னு தெரியுமா கண்ணு?” என்றீர்கள். நேற்றும் அந்த இலைகளைக் கொட்டிவிட மனமில்லாமல் விசைப்பலகையின் மேலேயே சிறிது நேரம் விட்டு வைத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைக்காக அதில் சில நிரல்கள் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. திறந்தால் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நிரலை மொழிபெயர்த்து ஓடவைக்கும் மென்பொருள், எழுதுவதற்கான திரை, நீங்கள் பெயரிட்டு வைத்த கோப்புறைகள். இவற்றை அந்தக் கணினிக்குள் கொண்டுவர நாம் பட்ட பாடு எனக்கும் உங்களுக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும். இன்று அதை உங்களிடமே திரும்பச் சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் என் பக்கத்துக் கதையை நான் உங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. நீங்கள் அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்த பிறகு, நான் பிறப்பதற்கு முன்பே, இண்டூர் பக்கத்தில் இருக்கும் நம் வீட்டுக்கே திரும்பி வந்து, ஊர் அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்தவர். ஊர் முழுக்க உங்களை ‘டீச்சர்’ என்றது. அப்பா மட்டும்தான் ‘அக்கா’ என்பார். குழந்தைகளின் எடையைப் பார்த்து நோட்டில் எழுதிவந்த உங்கள் கையில் ஒருநாள் ஒரு போனைக் கொடுத்து, இனி எல்லாம் இந்தச் செயலியில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு குழந்தையின் எடையைப் பதிய ஏழு இடத்தில் தொட வேண்டும். ஏழாவது இடத்துக்கு வருவதற்குள் அந்தக் குழந்தை தராசிலிருந்து இறங்கி ஓடிவிடும்.

மற்ற டீச்சர்கள் திட்டினார்கள். நீங்கள் வேறு மாதிரி யோசித்தீர்கள். சோளப்பொரி கொறித்துக்கொண்டே ஒரு சாயங்காலம் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “இத எழுதுனதும் ஒரு மனுசந்தான? அந்த ஆளு ஒரே ஒரு நாளு என் எடத்துல உக்காந்து பார்த்திருந்தா இப்புடி எழுதியிருக்க மாட்டான். சரி, அந்த ஆளு இங்க வர மாட்டான். நான் அங்க போவக் கூடாதா?”

அதைச் சொன்ன அடுத்த மாதமே பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் கணினி அறிவியல் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டீர்கள். உங்களுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அம்மா வாயில் கைவைத்துச் சிரித்தாள். “அண்ணி, நெசமாவா? பரீச்சைல பிட்டு எடுத்தா புடிச்சுடுவாங்களே!” என்றாள். “நீ எழுதிக் குடுத்தாத்தான புடிப்பாங்க? உன் கையெழுத்து எனக்கே புரியாது” என்றீர்கள்.

சேர்க்கை கிடைத்தது. அதோடு ஒரு அறிவிப்பும் வந்தது. நான் அதை மூன்று முறை படித்து, முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். ஒவ்வொரு மாணவரும் தன் கணினியில் குறிப்பிட்ட மென்பொருள்களை நிறுவ வேண்டும். பெயரும் பதிவு எண்ணும் திரையில் வரும்படி முதல் நிரலை எழுதி, அந்தத் திரையைப் படமாக எடுத்துப் பதிவேற்ற வேண்டும். தருமபுரி மையத்தில் கணினிகள் குறைவு. அதனால், குறித்த நாள் மாலை ஐந்து மணிக்குள் இதைச் செய்தவர்களுக்குத்தான் சனிக்கிழமை செய்முறை வகுப்பில் இடம். தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். நான் தேதியைக் கணக்குப் பார்த்தேன். ஆடி பன்னிரண்டு, சனிக்கிழமை.

கணினி என்னவோ வீட்டில் இருந்தது. ஓசூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, பள்ளியில் வாங்கியதை விட்டுப் போயிருந்தாள். அதில் லினக்ஸ் மட்டும்தான் வேலை செய்தது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தக் கட்டளைகளும் அறிவிப்பிலேயே இருந்தன. தேவைப்பட்டது இணையம் மட்டும்தான். நம் வீட்டில் அப்பாவின் போனில்தான் இணையம் ஓரளவு ஓடும். அப்பாதான் தடையாக நின்றார்.

“ஏக்கா, ஆடி பொறந்து ரெண்டு நாளு ஆவுது. இப்பதான் புதுசா ஒண்ணத் தொடங்கணுமா?”

“நான் எங்கடா தொடங்கறன்? அவங்க தேதி குடுத்திருக்கறாங்க.”

“பதினெட்டு வரட்டும். பெருக்கு அன்னிக்கு சாமி கும்புட்டுட்டு ஆரம்பி. நானே தேங்கா ஒடைக்கறன்.”

“பன்னெண்டோட முடியுதுடா தம்பி.”

“அப்ப அதுல என்னமோ இருக்குது. வுட்டுடு.”

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு ஆடியில் மேட்டுக் காட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டார். நாள் முழுக்கத் துளைத்தும் தண்ணீர் வரவில்லை, பாறைத்தூள்தான் வெள்ளைப் புகையாக வந்தது. அந்தப் புகை தலையிலும் சட்டையிலும் படிய அப்பா வீட்டுக்குள் நுழைந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஆடியில் அவர் ஒரு புது மண்வெட்டிகூட வாங்கியதில்லை.

நீங்கள் அன்று அவரோடு அதற்கு மேல் வாதாடவில்லை. பேசாமல் போய்ப் பாத்திரம் கழுவினீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. புத்தகம் படிக்கிற பெண்ணுக்கு மூளை இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? மறுநாள் நான் ஒரு தந்திரம் செய்தேன்.

நாள்காட்டியில் ஆவணி மாதத்து நல்ல முகூர்த்த நாள் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மடிக்கணினியில் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை அணைத்துவிட்டு அந்தத் தேதியை வைத்தேன். அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் அவர் முன்னால் கணினியைத் திறந்து வைத்தேன்.

“அப்பா, இதுக்கு இன்னிக்கு ஆவணி. நல்ல முகூர்த்தம். தொடங்கலாமா?”

அவர் குனிந்து திரையின் மூலையைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பெத்த அப்பனையே ஏமாத்தறியா புள்ள?”

“ஏமாத்தலப்பா. அது சொல்லுது.”

மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “சரி, மிஷினுக்கு ஆவணின்னா மிஷினு தொடங்கிக்கட்டும். எனக்கென்ன வந்துச்சு” என்று போனை நீட்டினார். அவர் ஏமாறவில்லை. தன் அக்காவான உங்களுக்கு இல்லை என்று சொல்லாமலிருக்க அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. எனக்கு அது அன்று புரியவில்லை. நான் ஏதோ சாதித்துவிட்டதாகவே நினைத்தேன். “உன்ன வக்கீலுக்குப் படிக்க வெக்கணும்டி” என்று நீங்கள் வேறு சொல்லிவிட்டீர்களா, இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு ஆரம்பித்தது தொல்லை. அறிவிப்பில் இருந்த முதல் கட்டளையை நீங்கள் ஒற்றை விரலால் தட்டினீர்கள். நான் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் நாலைந்து வரிகள் ஓடின, பிறகு நின்றன. வேண்டிய கோப்பு காலாவதியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இரண்டாவது முறையும் அதே வரி. மொட்டை மாடிக்குப் போனோம். கிணற்று மேட்டுக்குப் போனோம். போனைச் சொம்பில் நிறுத்தி வைத்துப் பார்த்தோம். எங்கே போனாலும் அதே காலாவதி.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு நாளும் வந்த பிழைச் செய்தியைத் தேதியிட்டு அழகான கையெழுத்தில் பிரதி எடுத்தேன். தெரியாத சொற்களை அகராதியில் பார்த்து எதிரே பொருள் எழுதினேன். இத்தனை நாளுக்கு முன்பே காலாவதி என்று நாள் கணக்கோடு அந்தச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. அந்த எண்ணையும் சிவப்பு மையில் எழுதினேன். எழுதினேனே தவிர, அது எந்த நாளிலிருந்து எண்ணுகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கணினி பழசு, அதற்கான மென்பொருளும் பழசாகிவிட்டது என்று நானே முடிவு கட்டி, உங்களிடமும் அதை நிச்சயமாகச் சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். நான் படிக்கிற பிள்ளை அல்லவா?

வியாழக்கிழமை நீங்கள் வேலை முடித்து வந்ததும் கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தருமபுரிக்குக் கிளம்பினோம். ஒகேனக்கல்லிலிருந்து வந்த பஸ். ஈரத்தலையும் எண்ணெய் வாசனையும் பொட்டலத்தில் வறுத்த மீனுமாக வெளியூர் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நீங்கள் கம்பியை ஒரு கையால் பிடித்து, பையை இன்னொரு கையால் வயிற்றோடு அணைத்தபடி நின்றீர்கள். ஒரு அம்மாள், “கைக்கொழந்தையாங்க? உக்காருங்க” என்று எழுந்தேவிட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே, “ஆமாங்க, ஒடம்பு சரியில்ல. டாக்டருகிட்ட போறோம்” என்று உட்கார்ந்துகொண்டீர்கள்.

டாக்டர் சரியில்லை. கணினிக் கடைக்காரர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்ததும், “இது ரொம்பப் பழசுங்க மேடம். இதுல ஒண்ணும் ஏறாது. தூக்கிப் போட்டுருங்க” என்றார். பிறகு உங்களை ஏற இறங்கப் பார்த்து, “பாப்பாவுக்கா?” என்று கேட்டார்.

“எனக்குத்தான்.”

“இந்த வயசுலயா?”

“தெனமும் பதினெட்டு புள்ளைங்கள மடியில வெச்சு சோறு ஊட்டறன். இது ஒண்ணு என்ன பெரிய பாரம்?” என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டீர்கள்.

கடையில் அப்படிச் சொல்லிவிட்டீர்கள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் நீங்கள் வெளியே பார்க்கவில்லை. அதியமான்கோட்டை தாண்டியதும் மெதுவாக, “வுட்டுடலாமா கண்ணு?” என்றீர்கள். நான் உங்களை அறிந்த காலம் முழுவதிலும் அந்த வார்த்தையை நீங்கள் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். நோட்டை எடுத்து, எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படிப்பது போல நடித்தேன்.

சனிக்கிழமை, கடைசி நாள், எனக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் உங்களோடு அங்கன்வாடிக்கு வந்தேன். நீங்கள் குழந்தைகளுக்குக் காக்கா கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சமைத்துப் போட்டுக் குழந்தைகளைக் கழுவிவிடும் ஆயா, முந்தின நாள் வந்திறங்கிய சத்துமாவுப் பாக்கெட்டுகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தேதி பார்த்துத்தான் அடுக்க வேண்டும் என்பது உங்கள் கட்டளை. திடீரென்று உள்ளேயிருந்து சத்தம்.

“டீச்சரம்மா! இங்க வாங்க! மாவு பூரா தேதி போயிடுச்சுங்க!”

“நேத்து வந்த மாவு எப்புடி ஆயா தேதி போவும்?”

“பாக்கெட்டுல போட்டிருக்கற தேதி ஆவணியோட முடியுது. காலண்டரப் பாருங்க, புரட்டாசி ஆயிப்போச்சு! புள்ளைங்களுக்குக் குடுத்திருந்தா என் தலையில இல்ல விடிஞ்சிருக்கும்!”

நீங்கள் எழுந்து போய் நாள்காட்டியைப் பார்த்தீர்கள். உண்மைதான், புரட்டாசி. அதன் கீழே, மூன்று வயது நிலா கிழித்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் மேல் ஏறி ஒரே காலையில் இரண்டு மாதத்தைக் கிழித்திருக்கிறாள்.

“எதுக்குடி கிழிச்ச?”

“கப்பலு” என்றாள் நிலா, வேலையை நிறுத்தாமல்.

நீங்கள் சிரித்துக்கொண்டே ஆயாவின் தோளைத் தட்டினீர்கள். “மாவு நல்லாத்தான் இருக்குது ஆயா. நாளுதான் கெட்டுப்போச்சு.”

சொல்லி முடித்த வேகத்திலேயே உங்கள் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பினீர்கள். நானும் அப்போதுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

“அத்தை,” என்றேன். “நம்ம ஆவணி.”

கோப்பில் குற்றமில்லை, கணினியில் குற்றமில்லை. ஆடியில் செல்லுபடியாகும் கோப்பை, ஆவணியில் இருப்பதாக நம்பிய கணினி, நாள் கடந்தது என்று நேர்மையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒன்பது நாள் வீணானது என் தந்திரத்தால். நோட்டில் சிவப்பு மையில் எழுதிய அந்த எண், நான் தள்ளி வைத்த நாள்களிலிருந்து வந்தது. எனக்கு நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“நான்தான் அத்தை காரணம்...”

“அழறதுக்கு அஞ்சு மணிக்கு மேல நேரம் இருக்குது. இப்ப என்ன பண்ணணும், அதச் சொல்லு.”

நான் வேகமாக யோசித்தேன். மறுபடியும் ஒரு தந்திரம்தான் வந்தது. அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் போனை வாங்குவோம், தேதியைத் திருப்பி வைப்போம், எல்லாவற்றையும் ஏற்றுவோம், முடிந்ததும் மறுபடி ஆவணிக்கே மாற்றிவிடுவோம். அவருக்குத் தெரியவே தெரியாது.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நிலாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னீர்கள். பதினேழு வயதில் உங்களுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. கடிதம் கையில் வந்தது ஒரு ஆடியில்.

“எங்கப்பா ஆடி போவட்டும்னாரு. நானும் சரின்னு தலையாட்டினன். ஆடியும் போச்சு, எடமும் போச்சு. என்னை யாரும் புடிச்சு வெக்கல கண்ணு, நானே வாயத் தொறக்கல. இப்பவும் வாயத் தொறக்காம திருட்டுத்தனமா பண்ணுனா, உங்கப்பன் சொன்னதுக்கு மறுபடியும் தலையாட்டுன மாதிரிதான். எனக்காக நீ பொய் சொல்ல வேணாம். நான் சொல்லிட்டே செய்யறன்.”

மணி பதினொன்று. நான் உடனே கிளம்பலாம் என்றேன். ஆயாவும், “நீங்க போங்க டீச்சரம்மா, நான் பார்த்துக்கறன்” என்றார். நீங்கள் அசையவில்லை. பதினெட்டுக் குழந்தைகளும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், எழுந்தார்கள். ஒவ்வொரு தாயாக வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். நிலாவின் அம்மா தக்காளி மண்டியிலிருந்து வருவதற்குள் மூன்றரை ஆகிவிட்டது. அவள் கையில் பிள்ளையைக் கொடுத்த பிறகுதான் நீங்கள் செருப்பைப் போட்டீர்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாலரை மணி நேரம் வேறு இல்லை.

வீட்டுக்குப் போய்க் கணினியை எடுத்துக்கொண்டு நம் கடலைக்காட்டுக்கு வந்து சேர்ந்தோம். நிலக்கடலை விதைப்பு நடந்துகொண்டிருந்தது. ஏருக்குப் பின்னால் நாலு பெண்கள் குனிந்து விதை போட்டுக்கொண்டே போனார்கள். அப்பா மோட்டார் அறை வாசலில் நின்றார். போன் சட்டைப் பையில்.

“டீச்சரு, புள்ளைங்க பத்தாதுன்னு கடலைக்கும் பாடம் நடத்த வந்துட்டீங்களா?” என்று ஒருத்தி நிமிர்ந்தாள்.

நீங்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் நேராக அப்பா முன்னால் போய் நின்றீர்கள்.

“தம்பி, அந்த ஆவணி செல்லாதாம். பொய்த் தேதின்னு மிஷினு கண்டுபுடிச்சுடுச்சு. இப்ப நெசத் தேதியவே வெக்கப் போறன். ஆடி பன்னெண்டு. வெச்சுட்டுத் தொடங்கப் போறன். உன் போனு வேணும். குடுத்தா குடு. இல்லன்னா ரோட்டுக்குப் போயி பஸ்ஸ நிறுத்தி யாரு போனையாச்சும் கேப்பன்.”

அப்பா கையிலிருந்த விதைக்கூடையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரலில் பயம்தான் இருந்தது. “உனக்குத் தெரியாததாக்கா? ஆடியில போரு போட்டுப் பட்டது போதாதா? உனக்கும் அப்புடி ஆயிடுச்சுன்னா?”

“அது ஆடியாலயா பொய்ச்சுது? பூமிக்குள்ள தண்ணி இல்ல. தையில போட்டிருந்தாலும் பொகதான் வந்திருக்கும்.”

“இருந்தாலும்...”

“ஆனா நான் வறண்டுபோயி இல்லடா,” என்றீர்கள் நீங்கள், மெல்ல. “பதினேழு வயசுல இருந்து உள்ள அப்புடியே கெடக்குது.”

விதை போட்டவர்களில் மூத்தவள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். “ஏண்ணா, காலையில இருந்து நாங்க நாலு பேரு ஆடியிலதான குனிஞ்சு கெடக்கறோம்? எங்க இடுப்பு ஒடையறதுக்கு மட்டும் நாளு நல்ல நாளா?”

மற்ற மூவரும் சிரித்த சிரிப்பில் ஏர் ஓட்டியவர் மாட்டை நிறுத்திவிட்டார். அப்பா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். முடியவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துப் போனை எடுத்தார்.

“இங்க டவரு வராது. தொட்டி மேல ஏறணும்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் மேல் அவரே ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மணி நாலு பத்து. மோட்டார் அறையின் சுவிட்ச் பலகையில் கணினியின் மின்கம்பியைச் செருகினோம். தேதியை மாற்ற நான் கை நீட்டினேன். நீங்கள் என் கையை விலக்கிவிட்டு நீங்களே மாற்றினீர்கள். திரையின் மூலையில் ஆவணி மறைந்து அன்றைய தேதி வந்தது. முதல் கட்டளையை அடித்தீர்கள். ஒற்றை விரல்தான், ஆனால் ஒரு எழுத்தும் தவறவில்லை.

வரிகள் ஓடின. நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஓடின, ஓடின, மேலேறி மறைந்துகொண்டே இருந்தன. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். “வருதாக்கா? வருதா?” என்று தொட்டி மேலிருந்து அப்பா கத்தினார். “அசையாம நில்லுடா, சாமி மாதிரி இருக்கற!” என்று நீங்கள் திருப்பிக் கத்தினீர்கள். நாலு முப்பத்தைந்துக்கு எல்லாம் ஏறி முடிந்தது.

நிரல் ஏழு வரிதான். வாரம் முழுக்கத் தாளில் எழுதிப் பழகியிருந்தீர்கள். முதல் தடவை ஐந்தாவது வரியில் பிழை என்றது. ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருந்தீர்கள். நான் வாய் திறப்பதற்குள், “இரு, இரு, நானே பார்க்கறன்” என்று தேடிக் கண்டுபிடித்து மூடினீர்கள். மறுபடி ஓடவிட்டீர்கள்.

கறுப்புத் திரையில் உங்கள் பெயர் வந்தது. அடுத்த வரியில் பதிவு எண்.

அவ்வளவுதான். இரண்டே இரண்டு வரிகள். அதைப் பார்க்க விதைக்கிற பெண்கள் நாலு பேரும் மண் கையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். “இது டீச்சரு பேரா? அதுவா எழுதுச்சா?” என்று கேட்டாள் ஒருத்தி. “அது எழுதல. நான் எழுத வெச்சன்” என்றீர்கள். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது நீங்கள் எவ்வளவு நிமிர்ந்திருந்தீர்கள் தெரியுமா அத்தை? பதக்கம் வாங்குகிறவர்கள்கூட அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

படம் பதிவேறி, ‘பெறப்பட்டது’ என்று பதில் வந்தபோது ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. நான் போட்ட கூச்சலில் மாடு மிரண்டது. அப்பா தொட்டியிலிருந்து இறங்கி வந்து, கை வலிக்கிறது என்று உதறிக்கொண்டே திரையை ரொம்ப நேரம் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வராது. ஆனாலும் உங்கள் பெயரின் மேல் விரலை வைத்து, “இதானக்கா?” என்றார். சரியாகத்தான் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமைகள்! வகுப்பில் எல்லோரும் உங்களைவிட இருபது இருபத்தைந்து வயது இளையவர்கள். முதல் மாதம் ‘ஆன்ட்டி’ என்றவர்கள் இரண்டாவது மாதம் சந்தேகம் கேட்க வரிசையில் நின்றார்கள், ‘டீச்சர்’ என்று. பிழைச் செய்தி வந்தால் அவர்கள் பதறுவார்களாம். நீங்கள் மட்டும், “அழற புள்ளைகிட்ட மொதல்ல என்னான்னு கேக்கணும்” என்பீர்களாம். மூன்று வருடம், ஒரு தாளிலும் தவறவில்லை. கடைசித் திட்டப்பணிக்கு, குழந்தையின் எடையை இரண்டே தொடுதலில் பதிகிற ஒரு நிரல் எழுதினீர்கள். அதை ஆயாவிடம் கொடுத்துச் சோதித்தீர்கள். அவர் தப்பே இல்லாமல் பதினெட்டுக் குழந்தைகளையும் ஏற்றிவிட்டு, “இதுக்கா மூணு வருசம் படிச்சீங்க? இவ்வளோ லேசா இருக்குது!” என்றாராம். பல்கலைக்கழகத்து மதிப்பெண்ணைவிட அதுதான் பெரிய மதிப்பெண் என்று நீங்கள் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

பட்டச் சான்றிதழை நீங்கள் கையில் வாங்கிப் பார்த்தீர்கள். அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுகிறது. போன மாசியில், நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அன்றே போய்விட்டீர்கள். அதைப் பற்றி எழுத எனக்கு வேறு ஒன்றுமில்லை. அன்று அப்பா பள்ளிப் பிள்ளை போல அழுதார். அங்கன்வாடிக் குழந்தைகளின் அம்மாக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

இப்போது நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி. பிளஸ் டூ முடித்ததும் கோயம்புத்தூர் போய்க் கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்று ஆசை. அப்பா என்னை வெளியூர் அனுப்பத் தயங்குவார் என்பது தெரியும். முதலில் பழைய புத்திதான் வேலை செய்தது. பள்ளி டீச்சர் கட்டாயப்படுத்துகிறார் என்று சொல்லலாமா, அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லலாமா, ஓசூர் அக்காவைப் பேச வைக்கலாமா என்று மூன்று வழி யோசித்தேன். பட்டியல்கூடப் போட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அங்கன்வாடியில் அன்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் சந்தையிலிருந்து திரும்பும்போது, பைக்கில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காற்றில் கேட்காமல் போய்விடக் கூடாது என்று அவர் காதருகே சத்தமாகவே சொன்னேன்.

“அப்பா, நான் கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போறன். யாரும் சொல்லிக் குடுக்கல. நானே கேக்கறன். உங்களுக்குத் தெரிஞ்சுதான் போவணும்னு நெனைக்கறன்.”

இரண்டு ஊர் தாண்டினோம். ஒரு மாந்தோப்பு, ஒரு செங்கல் சூளை, ஒரு பள்ளிக்கூடம் எல்லாம் கடந்து போயின. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அத்தை, அது பொய் சொன்னவளின் படபடப்பு அல்ல. எனக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. பயமாக இருக்கும்போதும் முதுகை நேராக வைத்திருக்க முடிகிறது. அது நீங்கள் எனக்குள் வைத்துவிட்டுப் போனது.

நம் ஊர் வளைவு வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“அப்ளிகேசன் எந்த மாசத்துல குடுப்பாங்க?”

“தெரியலப்பா. ரிசல்ட் வந்ததும் குடுப்பாங்க.”

“எந்த மாசமா இருந்தாலும் சரி,” என்றார் அப்பா. “குடுத்த அன்னிக்கே போட்டுடு.”